போன வருடம் டொப்ளர் நோர்மல், பிறகு ஏன் திரும்பவும் டொப்ளர்?

கேள்வி, கல்முனையிலிருந்து, 2024 மே 6

அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தம் இருக்கு. போன வருடம் வலது கால் வீங்கினபோது டொப்ளர் ஸ்கேன் செய்து நோர்மல் என்று ரிப்போர்ட் வந்தது. இப்போ அதே காலில் பெருவிரலில் புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கிளினிக்கில் திரும்பவும் டொப்ளர் என்று துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப் போகுது, வெளியில் செய்தால் காசு. அதே கால், அதே ஸ்கேன். சும்மா அலைக்கழிக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மே 6, இரவு

தம்பி, அதே கால்தான், ஆனால் அதே ஸ்கேன் இல்லை. டொப்ளர் என்பது ஒலி அலையை அனுப்பிக் குழாய்களில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கிற ஸ்கேன். போன வருடத்து ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து அதன் தலைப்பைப் பாருங்கள். வீனஸ் டொப்ளர் என்று இருக்கும். வீக்கத்துக்காகப் பார்த்தது நாளம், காலிலிருந்து இரத்தத்தைத் திரும்ப மேலே கொண்டு போகிற குழாய், அதற்குள் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று. இப்போது புண் ஆறவில்லை என்றால் பார்க்க வேண்டியது நாடி, இதயத்திலிருந்து விரல் நுனி வரை இரத்தத்தைக் கொண்டு வருகிற குழாய். அது ஆர்ட்டீரியல் டொப்ளர். நாளம் நல்லம் என்ற ரிப்போர்ட் நாடியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

அலைக்கழிப்பு என்று நினைத்துத் தள்ளிப் போட வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குக் கால்விரலில் ஒரு மாதம் ஆறாத புண் என்பது அவசரமான விஷயம். விரல் கறுத்தாலோ, இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாலோ, ஸ்கேன் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மே 7

நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதினதுக்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பா செங்கலடிப் பக்கம் வயல் செய்தவர். வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் விடும், திரும்ப நடந்தால் திரும்ப வரும். வயது போனால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்படி நடக்கும்போது வந்து நின்றால் போகிற வலிதான் நாடி அடைப்பின் பழைய அடையாளம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு விரலில் புண் வந்தது, பாதமும் வீங்கியது, வீக்கத்தைப் பார்த்து ஓர் இடத்தில் டொப்ளர் செய்தார்கள். துண்டில் கால் டொப்ளர் என்று மட்டும்தான் இருந்ததாம். நாளத்தைப் பார்த்து, கட்டி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வீட்டில் அது "டொப்ளர் நல்லமாம்" என்ற ஒரே வசனமாகி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி, எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். நாடியைப் பார்த்த நேரம் இரண்டு விரல்களை எடுக்க வேண்டிய நிலை.

அதனால்தான் சொல்கிறேன், டொப்ளர் என்பது ஒரு சோதனையின் பெயர் இல்லை. ஒரு மெசினை வைத்து டொக்டர் கேட்கிற பல கேள்விகள் அது. துண்டைக் கையில் வாங்கும்போதே எந்தக் குழாய், எந்தப் பக்கம், என்ன சந்தேகம் என்று கேட்டு, அது துண்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். ஸ்கேன் செய்கிற ரேடியோலொஜிஸ்டுக்கும் அது உதவிதான், அவர் கையில் இருப்பது அந்தத் துண்டு மட்டும்தானே.

மே 9

மே 6 குறிப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார், நாளமும் நாடியும் பக்கத்தில் பக்கத்தில்தானே ஓடுகின்றன, ஒன்றைப் பார்க்கிறவர் மற்றதையும் காண மாட்டாரா என்று. காண்பார். தொடையில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் போகும். நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது கண்ணில் பட்டால் சிலர் ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுவார்கள். ஆகவே ஒன்றுமே சொல்லாது என்பதை, தற்செயலாக ஒரு வரி சொல்லக்கூடும் என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் பாதம் வரை ஒவ்வொரு இடத்திலும் இரத்தம் எந்த வேகத்தில், எந்த வடிவத்தில் ஓடுகிறது என்று அளந்தால்தான் புண் ஆறுமா என்ற கேள்விக்கு அது பதிலாகும். தற்செயலான ஒரு வரியை நம்பி இருக்க முடியாது.

மே 12

சிவப்பு, நீலம் பற்றி. என் மச்சாள் ஸ்கேன் ஸ்கிரீனில் நீலத்தைக் கண்டு கெட்ட இரத்தம் என்று அழுதுவிட்டாள், ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன். நிறத்துக்கும் நல்ல இரத்தம் கெட்ட இரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. நாடி சிவப்பு, நாளம் நீலம் என்பதும் பாடப்புத்தகப் படத்தில்தான். டொப்ளரில் வழக்கமாகக் கையில் பிடித்திருக்கும் கருவியை நோக்கி வருகிற ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போகிற ஓட்டத்துக்கு நீலம். கருவியை மறுபக்கம் சாய்த்தால் அதே குழாய் நிறம் மாறும். ரயில் பாதை ஓரத்தில் நிற்கும்போது ரயில் கிட்ட வருகையில் ஹோர்ன் கூர்மையாகவும், கடந்து போனதும் தடித்தும் கேட்கிறதல்லவா, அதுதான் இதன் அடிப்படை. ஒஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் இதைச் சொன்னார், அவர் சொன்னது நட்சத்திர ஒளியைப் பற்றி. இங்கே ரயிலுக்குப் பதில் ஓடுகிற சிவப்பணுக்கள்.

இடைக்கிடை வரும் உஸ் உஸ் சத்தத்துக்கும் பயப்படாதீர்கள். போய்த் திரும்பி வந்த ஒலியில் ஏற்பட்ட மாற்றத்தை மெசின் ஸ்பீக்கரில் விடுகிறது, அவ்வளவுதான். ஊசி இல்லை, சாயம் இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. ஜெல் குளிரும்.

மே 13

ஜெல் ஏன் என்று கேட்டவருக்கு: தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது.

மே 19

சாப்பிடாமல் போக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கால், கை, கழுத்து டொப்ளருக்கு வழமைபோல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயிற்றுக்குள் இருக்கும் பெருநாடி, சிறுநீரக நாடி இவற்றுக்குத்தான் பொதுவாக 6 தொடக்கம் 8 மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம் என்பார்கள், குடலில் வாயு இருந்தால் பின்னால் இருக்கிற குழாய் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளிசை குடிக்கிறவர்களும் அந்தக் காலையில் அதை என்ன செய்வது என்று முதலே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள், முடிந்தால் காலை முதல் நேரத்தையே கேளுங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ விடிய பஸ் ஏறி, வெறும் வயிற்றில் மத்தியானம் வரை வாங்கில் இருந்து, சீனி இறங்கி மயங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பையில் ஒரு இனிப்பு இருக்கட்டும்.

மற்றக் குளிசைகளை நிற்பாட்ட வேண்டியதில்லை, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற வார்பரின் உட்பட. நாடி சோதனை என்றால் அன்று காலை சுருட்டு, பீடி, சிகரட் வேண்டாம், குழாய் சுருங்கும். காலில் எண்ணெய், களிம்பு, பற்று எதுவும் பூசாமல் கழுவிவிட்டுப் போங்கள். கடைசி டொப்ளர் ரிப்போர்ட், கிளினிக் கொப்பி இரண்டும் கையில் இருக்க வேண்டும். பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் கூடியிருக்கா குறைந்திருக்கா என்று சொல்ல முடியும்.

மே 26

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது, உம்மாவுக்குக் கால் நாள ஸ்கேன், எவ்வளவு உடுப்பு அகற்ற வேண்டி வரும், பெண் டொக்டரைக் கேட்கலாமா என்று. இதை வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டது நல்லது. கால் நாள ஸ்கேன் கவட்டுப் பகுதியிலிருந்து தொடங்கும், அங்கிருந்துதான் பெரிய நாளம் இறங்குகிறது. அகலமான பாவாடை போட்டுப் போனால் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி, மற்றதைத் துணியால் மூடிக்கொண்டே பார்க்கலாம். இறுக்கமான உடுப்பு வேண்டாம். எங்கள் பக்கம் ஸ்கேனைப் பெரும்பாலும் டொக்டரே செய்கிறார், ஆகவே பெண் டொக்டர் இருக்கும் நாளைத் திகதி எடுக்கும்போதே கேளுங்கள். அன்றைக்கு இல்லையென்றால் பெண் நேர்ஸ் ஒருவரோ மகளோ பக்கத்தில் நிற்கக் கேட்கலாம். ஆனால் ஒரு கால் திடீரென்று வீங்கி, கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் அனுப்பியிருந்தால் பெண் டொக்டருக்காக நாள் கடத்த வேண்டாம் என்று உம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஜூன் 2

என் கதை. நான் படிப்பித்தவள், முழு நாளும் நின்ற வேலை. கெண்டைக்காலில் நாளங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பின்னேரம் கால் பாரமாகி, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. முதலில் பார்த்த இடத்தில் என்னைப் படுக்க வைத்துக் கெதியாகப் பார்த்துவிட்டு வால்வுகள், அதாவது நாளத்தில் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கிற கதவுகள், நல்லம் என்று எழுதித் தந்தார்கள். கறுப்பு கூடிக்கொண்டே போனது. பிறகு வேறொரு டொக்டர் என்னை ஒரு படியில் நிற்க வைத்து, பார்க்கிற காலில் பாரம் வைக்காமல் மற்றக் காலில் சாயச் சொல்லி, கெண்டைக்காலைப் பிதுக்கி விட்டுவிட்டுப் பார்த்தார். பிதுக்கும்போது இரத்தம் மேலே போகும். விட்டவுடன் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். தோலுக்குக் கீழுள்ள நாளத்தில் அரை செக்கனுக்கு மேல் இரத்தம் கீழே திரும்பி ஓடினால் வால்வு பழுது. எனக்கு அதைவிட எவ்வளவோ நேரம் ஓடியது. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார், நானே பார்த்தேன்.

வால்வைப் பார்க்கிற ஸ்கேன் என்றால் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். நிற்க முடியாதவர்களைக் கட்டிலின் ஓரத்தில் இருத்தியோ, சரிந்த கட்டிலிலோ பார்ப்பார்கள். தட்டையாகப் படுத்தால் பூமி இழுக்காது, பழுது ஒளிந்துகொள்ளும். இரண்டு காலுக்கும் ஒரு மணித்தியாலம் வரை போகும். நின்றுகொண்டே தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். வாங்கோ, போங்கோ என்று சில நிமிடங்களில் முடித்தால் நான் இப்போது வாய் திறந்து கேட்பேன்.

ஜூன் 5

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, படுக்க வைத்துச் செய்தால் பிழையா என்று கவலைப்பட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. கட்டி இருக்கா என்று பார்க்கிற ஸ்கேனுக்குப் படுத்தாலே போதும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வருகிறேன், எந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேன் என்பதுதான் முக்கியம்.

ஜூன் 8

கல்முனைத் தம்பி அப்பாவின் ரிப்போர்ட்டை எழுதி அனுப்பியிருக்கிறார். செய்துவிட்டார், சந்தோசம். அவர் கேட்கிறார், ஏபிஐ 1.5 என்று வந்திருக்கு, 0.9க்குக் குறைந்தால்தானே கூடாது, அப்படியென்றால் நல்லம்தானே என்று.

நல்லம் இல்லை தம்பி. ஏபிஐ என்பது கணுக்காலில் எடுத்த பிரஷரைக் கையில் எடுத்த பிரஷரால் பிரித்து வருகிற எண். 1.0 தொடக்கம் 1.4 வரை சரி. 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் நாடி ஒடுங்கியிருக்கு. 1.4க்கு மேல் போனால் கணுக்கால் நாடி சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டது, பிரஷர் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்கவில்லை, ஆகவே அந்த எண்ணையே நம்ப முடியாது என்று அர்த்தம். நெடுநாள் சீனி வருத்தத்தில் இது அடிக்கடி வரும். அடைப்பு உள்ளே இருந்துகொண்டே எண் மட்டும் சாதாரணமாகக் காட்டுவதும் உண்டு. அப்படியானவர்களுக்குப் பெருவிரலில் சின்னப் பட்டி போட்டு அங்கே பிரஷர் பார்க்க வேண்டும், விரலின் குழாய்கள் அவ்வளவு கெதியில் விறைப்பதில்லை. விரல் பிரஷர் 30 mmHgக்குக் கீழ் என்றால் பாரதூரம்.

ரிப்போர்ட்டில் மொனோபேசிக் என்றும் இருக்கு என்கிறார். நல்ல கால் நாடியில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் முன்னே பாய்ந்து, கொஞ்சம் பின்வாங்கி, திரும்பவும் முன்னே போகும், அதை ட்ரைபேசிக் என்பார்கள். மேலே எங்கோ அடைப்பு இருந்தால் அந்தப் பின்வாங்கல் இல்லாமல் தணிந்த ஒரே அலையாகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகத்தான் வேண்டும். இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை வைத்திருக்காதீர்கள். சீ.ரீ. அஞ்சியோகிராம், அதாவது நாடிகளைப் படமெடுக்கிற ஸ்கேன், எழுதுவார்கள். அதில் சாயம் ஏற்றுவதால் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள், சீனிக்கு மெற்போமின் குளிசை குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

ஜூன் 16

கதிர்காமப் பாதயாத்திரை நேரம் வருகிறது. வெருகலிலிருந்தும் மாமாங்கத்திலிருந்தும் வெளிக்கிட்டு, உகந்தை தாண்டி, குமண, யால காட்டுவழி வெறுங்காலோடு நடக்கிறவர்களில் சீனி வருத்தக்காரர் எத்தனையோ பேர். கும்பிடப் போகிறவரைத் தடுக்க நான் யார், என் வீட்டிலேயே நேர்த்தி இருக்கு. ஆனால் கால் விறைத்து, செருப்புக் கழன்றதே தெரியாமல் நடக்கிறவர் வெயில் மணலில் வெறுங்காலோடு போனால் கொப்புளம் வந்ததும் தெரியாது, நாடியும் ஒடுங்கியிருந்தால் அந்தக் கொப்புளம் ஆறாது. போவதற்கு முதல் கிளினிக்கில் பாதத்தின் மேலும் கணுக்காலின் உட்பக்கமும் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்புக் கிடைக்கவில்லை என்றால் ஏபிஐ எடுத்துவிட்டுப் போங்கள். செருப்போடு நடந்தாலும் முருகன் ஏற்பார் என்று என் அம்மா சொல்லுவா, நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஜூன் 20

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். பரியாரியிடம், நாட்டு வைத்தியரிடம், காட்டுவது எங்கள் வழக்கம், நானும் கைமுறிவுக்குப் போயிருக்கிறேன், ஆனால் இது அதற்கான இடமில்லை. உள்ளே கட்டி இருந்தால் உருவுகிற உருவலில் அது கழன்று சுவாசப்பைக்குப் போகலாம். கொழும்புக்கு இரவு பஸ்சில் காலை மடக்கி இருந்து வந்தவர்கள், பிள்ளை பெற்று இன்னும் ஆறு கிழமை ஆகாதவர்கள், சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இடது காலில்தான் கூடுதலாக வரும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஸ்கேனில் கருவியால் நாளத்தை அமத்திப் பார்ப்பார்கள். கட்டி இல்லாத நாளம் தட்டையாகிவிடும், கட்டி இருந்தால் அமுங்காது. வீங்கின காலில் அது நோகும், ஆனால் அதுதான் சோதனையே. சில நேரம் கட்டிக்குப் பதிலாக முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி ஒன்று இருப்பது தெரிய வரும், அதுவும் காலை வீங்க வைக்கும். கெண்டைக்காலின் சிறிய நாளங்கள் வீக்கத்தில் சரியாகத் தெரியாமல் போகலாம். அதனால் முதல் நாள் கட்டி இல்லை என்று வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கிழமைக்குள் திரும்பச் செய்யச் சொல்வார்கள். திரும்ப வரச் சொன்னால் போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டாவது ஸ்கேனில்தான் தெரிந்தது.

ஜூலை 3

கழுத்து டொப்ளர் பற்றி யாரோ கேட்டிருந்ததைத் தவறவிடப் பார்த்தேன். மூளைக்குப் போகிற கரோட்டிட் நாடியில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கா என்று பார்ப்பது. 50 தொடக்கம் 69 வீதம் என்று ரிப்போர்ட்டில் வந்தால் அது அடிமட்டம் வைத்து அளந்த எண் இல்லை. ஒடுங்கின இடத்தில் இரத்தம் வேகமாகப் பாயும், அந்த வேகத்திலிருந்து கணிக்கிறார்கள். செக்கனுக்கு 125 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 50க்கு மேல், 230ஐத் தாண்டினால் 70க்கு மேல் என்பது பலரும் பாவிக்கிற எல்லை. ஆகவே ஓர் இடத்தில் 60, இன்னோர் இடத்தில் 50 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று குளிசையை விட வேண்டாம். தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம், கழுத்து ஸ்கேனுக்கு சனல் போட்டு நேரம் எடுத்துக் காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை.

ஜூலை 11

அக்கரைப்பற்றிலிருந்து, டயலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக மெசினால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கப் போகிற ஒருவரின் மகன். அப்பாவின் கைக்கு டொப்ளர் எழுதியிருக்கிறார்கள், கைக்கு ஏன் என்கிறார். பிஸ்டுலா செய்வதற்கு, அதாவது கையில் ஒரு நாளத்தை நாடியோடு இணைத்துப் பெருக்க வைப்பதற்கு, எந்த நாளம் போதுமான அகலம் என்று தேடுகிறார்கள். நாளம் 2 மில்லிமீற்றருக்கும் குறைவாக இருந்தால் பெருகுவது கஷ்டம். குளிரிலும் தண்ணீர் குறைந்தாலும் நாளம் சுருங்கித் தெரியும், ஸ்கேன் அறை ஏசியில் நடுங்கப் பண்ணும், ஆகவே கையைத் துணியால் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். டொக்டர் அனுமதித்த அளவு தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

இப்போதிருந்தே, வேலைக்குக் கூடுதலாகப் பாவிக்காத கையில், அநேகமாக இடது கையில், யாரும் இரத்தம் எடுக்கவோ கனியூலா (மருந்து ஏற்றுகிற சின்னக் குழாய்) போடவோ விடாதீர்கள். வாட்டில் நேர்ஸ் கையை நீட்டச் சொன்னால் அப்பாவே வலது கையை நீட்டப் பழகட்டும். பிஸ்டுலா செய்த பிறகு அந்தக் கையில் பிரஷர் பட்டியும் கட்டக்கூடாது. ஆறு கிழமையளவில் திரும்ப டொப்ளர் எடுப்பார்கள், நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் ஓட்டம், 6 மில்லிமீற்றர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீற்றருக்குள் ஆழம் வந்தால் ஊசி குத்தலாம் என்பது அவர்கள் பார்க்கிற கணக்கு. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், காலையும் இரவும் அந்த இடத்தில் விரல் வைத்து அதிர்வு இருக்கா என்று பாருங்கள். அதிர்வு நின்றால் ஸ்கேன் திகதி எடுக்க நிற்காமல் அன்றைக்கே டயலிசிஸ் யூனிட்டுக்குப் போங்கள், அன்றைக்கே போனால் அடைப்பை எடுத்து அந்தப் பிஸ்டுலாவைக் காப்பாற்ற இடமிருக்கு.